எவ்வளவு அடுக்கினாலும் பத்தே நாளில் வீடு பழையபடி ஆகிவிடுகிறதே, என்ன செய்வது?

கேள்வி இதுதான்: முலுண்டில் இரண்டு படுக்கையறை வீடு, கார்பெட் 610 சதுர அடி. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார். கேள்வி அனுப்பிய மனைவி மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒழுங்கு செய்கிறார். பத்து நாளில் எல்லாம் கலைந்துவிடுகிறது. மாமியார் எதையும் தூக்கிப் போட விடுவதில்லை. நிறைய பிளாஸ்டிக் பெட்டி வாங்கி அடுக்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறார்.

பெட்டியை இப்போதைக்கு வாங்காதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் உள் அலங்காரம் படித்தவள் இல்லை. தானே–பேலாப்பூர் சாலையில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் 26 வருடம் வேலை பார்த்தவள். பேரிங், பெல்ட், கேஸ்கெட், கிரீஸ் டப்பா என்று ஆயிரக்கணக்கில் ஐட்டம். கேட்டவுடன் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும், வேண்டாத சரக்கில் கம்பெனிப் பணம் தூங்கக் கூடாது. எங்கள் வேலை அவ்வளவுதான். அங்கே ஊசி விழுந்தாலும் கணக்கு வைத்திருந்தேன். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் செம்பூரில் என் சொந்த வீட்டைச் சரியாகப் பார்த்தேன். ஸ்டோர்ஸை இந்த லட்சணத்தில் வைத்திருந்தால் ஆடிட்டர் என்னை என்ன செய்திருப்பார் என்று யோசித்து எனக்கே சிரிப்பு வந்தது.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அங்கே குளத்துக்கு வரத்துக்கால் உண்டு, மறுகால் உண்டு. மழைத் தண்ணீர் வரத்துக்காலில் வந்து சேரும். நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். மறுகாலில் மண் மேவி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கரையை உயர்த்திக்கொண்டே போகலாம், ஒரு ஐப்பசியில் உடைத்துக்கொள்ளும். நீங்கள் மாதம் ஒரு ஞாயிறு செய்வது கரை உயர்த்துகிற வேலை. பெட்டி வாங்கினால் கரை இன்னும் ஒரு அடி உயரும். வரத்தை யாரும் பார்க்கவில்லை.

ஸ்டோர்ஸில் எந்தப் பொருளும் நேரே ரேக்குக்குப் போகாது. கேட்டில் பதிவாகி, ஜிஆர்என் என்கிற சரக்கு வரவுச் சீட்டு போட்ட பிறகுதான் உள்ளே வரும். அதையே வீட்டில் ஒரு மாதம் செய்து பார்த்தேன். வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு காகிதம், நூலில் கட்டிய பேனா. பால், காய்கறி, மளிகை தவிர உள்ளே வருகிற ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். முப்பது நாளில் 71 ஐட்டம் வந்திருந்தது. அதில் நாங்கள் காசு கொடுத்து வாங்கியது 19தான். மீதி 52 தானாக வந்தவை. ஓட்டல் சாப்பாடு வந்த கறுப்பு டப்பா, ஆன்லைன் பார்சல் அட்டைப்பெட்டி, மகன் ஆபீஸில் கொடுத்த தண்ணீர் பாட்டிலும் பனியனும், கல்யாணப் பத்திரிகை, தாம்பூலப் பை, ஊரிலிருந்து அண்ணன் ரயிலில் கொண்டுவந்த இரண்டு மூட்டை, மருந்துக்கடைக்காரர் கொடுத்த காலண்டர். 'சும்மா வாங்கிக் குவிக்காதே' என்று பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தவள் அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். நீங்களும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம், அலமாரியைத் தொடக்கூட வேண்டாம்.

தாம்பூலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மும்பைத் தமிழ் வீட்டின் பெரிய வரத்து அதுதான். நவராத்திரி ஒன்பது நாளில் செம்பூர், மாட்டுங்கா, சயான் என்று பத்துப் பன்னிரண்டு வீட்டுக் கொலுவுக்குப் போகிறோம். வீட்டுக்கு ஒரு பை. உள்ளே ரவிக்கைத் துணி, சீப்பு, கண்ணாடி, குங்குமச் சிமிழ், ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடை. அந்த ரவிக்கைத் துணியை யாராவது தைத்துப் பார்த்திருக்கிறீர்களா? எந்தப் புடவைக்கும் ஒத்துவராத ஒரு பச்சை, ஒரு மாம்பழ மஞ்சள். ஒருமுறை நான் ஓரத்தில் பென்சிலால் '90 செ.மீ.' என்று குறித்து ஒருவருக்குக் கொடுத்த துணி, இரண்டு நவராத்திரி கழித்து என் கைக்கே வந்தது, பென்சில் குறி அழியாமல். எத்தனை வீட்டு அலமாரியில் அது இடம் பிடித்திருக்கும்! அந்த வருடத்திலிருந்து நான் தீர்ந்துபோகிற பொருள்தான் கொடுக்கிறேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய விரலி மஞ்சள், நூறு கிராம் காபிப் பொடி, பழம். வெற்றிலை பாக்கு வழக்கம்போல. வாங்கிக்கொள்பவர்களுக்கும் நிம்மதி. எனக்கு வருவதை ஒரே ஒரு பையில் போட்டு வைப்பேன். அந்தப் பை நிறைந்தால் மறு வாரமே கொடுக்கிற பையாகிவிடும்.

இன்னொரு வரத்து, பை. 2018-ல் மகாராஷ்டிர அரசு பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை போட்டபோது நல்லது என்றுதான் நினைத்தோம், நல்லதுதான். ஆனால் அதன்பிறகு வீட்டுக்கு வீடு துணிப்பை, சணல்பை, துணி மாதிரி இருக்கிற ஆனால் துணி இல்லாத பை என்று பைக்குள் பை வைத்துச் சேர்த்தோம். எங்கள் வீட்டில் 43 இருந்தது. இப்போது கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி, அதில் எட்டு பை. ஒன்பதாவது வந்தால் எட்டில் ஒன்று போக வேண்டும். ஸ்டோர்ஸில் இதை 'மேக்ஸிமம்' என்போம். ஒவ்வொரு பின்னுக்கும், அதாவது சரக்கு போட்டு வைக்கும் பெட்டிக்கும், இவ்வளவுதான் கொள்ளளவு என்று ஒரு அட்டை தொங்கும். ஓட்டல் டப்பாவுக்கு ஒரு தட்டு, மூடி இல்லாதது அன்றைக்கே உலர் குப்பைக்கு. கொரியர் அட்டைப்பெட்டிக்கு இரண்டு. எது எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் மனசு தீர்மானிக்க ஆரம்பித்தால் எல்லாமே வேண்டும் என்றுதான் சொல்லும். கொக்கி அப்படிச் சொல்லாது.

சரி, ஏற்கெனவே உள்ளே இருப்பதை என்ன செய்வது? ஸ்டோர்ஸில் சரக்கை மூன்றாகப் பிரிப்போம். வேகமாக நகர்வது, மெதுவாக நகர்வது, நகராதது. எஃப்எஸ்என் என்று பெயர். ஒரு பொருள் விலை உயர்ந்ததா, அழகானதா என்றெல்லாம் இதில் கேள்வி இல்லை. கடைசியாக எப்போது கை பட்டது, அவ்வளவுதான். வாரம் ஒருமுறையாவது தொடுகிற பொருள் முழங்காலுக்கு மேலே, கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை தொடுவது அதற்கு மேல் தட்டிலோ கீழ் தட்டிலோ. நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கும். கண்ணுக்கு நேரே ஷோகேஸில் யாரோ கொடுத்த கேடயம், தினம் எடுக்கும் இட்லித் தட்டு சிங்குக்கு அடியில் மூன்று பாத்திரத்துக்குப் பின்னால். இடுப்பு வலிக்குப் பாதிக் காரணம் இந்த அடுக்குமுறைதான் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நகர்வது லாஃப்டுக்கு, அதாவது பரணுக்கு. லாஃப்டுக்கு நான் வைத்திருக்கிற விதி, காலண்டரில் தேதி இல்லாத பொருள் ஏணி ஏறக் கூடாது. கொலுப் பெட்டி ஏறலாம், புரட்டாசியில் இறங்கிவிடும். தீபாவளி சரவிளக்கு ஏறலாம். ரெயின்கோட் அக்டோபரில் ஏறி மே கடைசியில் இறங்கும். சூட்கேஸ் ஏறலாம், ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக. 'எப்போதாவது வேண்டியிருக்கும்' என்பது தேதி இல்லை. பழைய டிவியின் அட்டைப்பெட்டிக்கு என்ன தேதி சொல்வீர்கள்?

நகராத சரக்கைப் பற்றி வீட்டு ஆண்களிடம் பேசும்போது ஒரு கணக்கு உதவும். உங்கள் பகுதியில் சதுர அடி 25 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மை விலை உங்களுக்குத் தெரியும். ஹாலில் துணி காயப்போட மட்டும் பயன்படும் டிரெட்மில் பன்னிரண்டு சதுர அடி பிடிக்கிறது. மூன்று லட்ச ரூபாய் இடத்தில் துண்டு காய்கிறது. எங்கள் வீட்டில் இந்தக் கணக்கைச் சொன்ன நாலாம் நாள் அது கிளம்பிப் போயிற்று.

இனி உங்கள் பத்து நாள் சமாச்சாரத்துக்கு வருகிறேன். வரத்து ஒரு காரணம். இன்னொரு காரணம், எதை எங்கே வைத்தோம் என்பது உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது. 'அம்மா, கத்திரிக்கோல் எங்கே?' 'ஏய், டேப் எங்கே வைச்சே?' என்று நாளுக்கு எத்தனை முறை குரல் வருகிறது என்று எண்ணுங்கள். எடுக்கும் இடம் தெரியாதவர்களுக்குத் திருப்பி வைக்கும் இடமும் தெரியாது, பாவம், டைனிங் டேபிளில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஸ்டோர்ஸில் புதிதாகச் சேர்ந்த பையன்கூட ஏ ரேக், மூன்றாம் தட்டு, இரண்டாம் பின் என்று படித்துப் போய் எடுத்துவருவான். என் ஞாபகத்தை நம்பி ஸ்டோர்ஸ் நடந்தால் நான் லீவு போட முடியுமா? ஒர்க்‌ஷாப்பில் இன்னும் எளிய வழி. ஸ்பேனர் தொங்கும் பலகையில் ஸ்பேனர் வடிவத்தையே பெயின்டால் வரைந்திருப்பார்கள். எது காணவில்லை என்று பத்தடி தூரத்திலிருந்து தெரியும்.

ஆகவே பெயர் எழுதி ஒட்டுங்கள். வெளியே ஒட்டினால் அசிங்கமாக இருக்கும் என்றால் கதவின் உள்பக்கம். ஒரு டிராயரை 'கத்திரி, டேப், பேனா, பேட்டரி' என்று அந்த நாலு பொருளுக்கு மட்டும் எழுதி ஒதுக்குங்கள். உங்கள் பெண் எந்த மொழியில் வேகமாகப் படிப்பாளோ அந்த மொழியில் எழுதுங்கள், இதில் தமிழ்ப்பற்றைக் காட்ட வேண்டாம். சோதனை இப்படி: நீங்கள் வெளியூர் போன நேரத்தில் உங்கள் கணவர் போன் செய்யாமல் தெர்மாமீட்டரை எடுத்துவிட்டால் ஒட்டியது சரி. எங்கள் வீட்டில் அதற்கு ஏழு மாதம் ஆயிற்று.

சமையலறையில் இரண்டு பழக்கம் போதும். முதலாவது, பழையது முன்னால், புதியது பின்னால். டப்பாவில் கால்வாசி துவரம்பருப்பு இருக்கும்போது புதுப் பாக்கெட்டை அதன் தலையில் கொட்டுவது நம் எல்லோருக்கும் கைவந்த கலை. அடியில் கிடக்கிற பழைய பருப்பு மேலே வர வாய்ப்பே இல்லை. ஜூலை ஈரத்தில் அதில்தான் வண்டு பிடிக்கும், பிறகு புதுசும் போகும். மும்பை மழைக்காலத்தில் மொட்டை மாடியில் காய வைத்துக் காப்பாற்றலாம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. இரண்டாவது, ஸ்டோர்ஸில் டூ-பின் என்று சொல்வது. பருப்பு டப்பா ஒன்று, அதற்குப் பின்னால் பிரிக்காத பாக்கெட் ஒன்று. மூன்றாவது கிடையாது. டப்பா காலியானால் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுங்கள். பாக்கெட் பிரிக்கிற அந்த நிமிடம்தான் மளிகைப் பட்டியலில் 'து.ப.' என்று எழுதுகிற நிமிடம். மாதக் கடைசியில் எல்லா டப்பாவையும் திறந்து பார்க்கிற வேலை மிச்சம், 'ஆஃபர் இருந்தது' என்று நாலு பாக்கெட் வருவதும் நிற்கும். ஊர் மூட்டைக்கு மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. அம்மா அனுப்புகிற மிளகாய்ப்பொடியை ஒரு கிலோ போதும் என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு கிலோ வரும். அது வந்த அன்றே பாதியைப் பக்கத்து வீட்டுக்குப் பங்கு போட்டுவிடுங்கள்.

துணிக்கு அதிகம் சொல்ல மாட்டேன். புடவை மடிப்புக்குள் ஒரு துண்டுக் காகிதம் வைத்து, கட்டிய மாதத்தை எழுதுங்கள். மூன்று வருடக் காகிதம் தானே பேசும். பட்டுப் புடவையை மட்டும் பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். பழைய வேட்டியில் சுற்றி, மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் மடிப்பிலேயே கிழியும். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டால் பூஞ்சை குறையும். பிள்ளைகளின் ஓவியம், சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு வருடத்துக்கு ஒரு ஃபைல், அதில் எதை வைப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நம்மைவிடத் தயவு தாட்சண்யம் இல்லாமல் கழிப்பார்கள்.

காகிதம் என்றால் எனக்கு 2005 ஜூலை 26 ஞாபகம் வரும். அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அப்போது நாங்கள் குர்லாவில் தரைத்தளத்தில் இருந்தோம். நான் ஆபீஸிலிருந்து வீடு வந்து சேர்ந்தது மறுநாள் மத்தியானம். வீட்டுக்குள் இடுப்பளவு வந்து வடிந்த தண்ணீர் சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. பாக்ஸ் கட்டிலைத் திறந்தால் பன்னிரண்டு வருட மின்சார பில், எல்லா வங்கிச் சீட்டு, வாரண்டி அட்டை, அவற்றுக்கு நடுவே வீட்டுக்கு அத்தாட்சியான சொசைட்டி ஷேர் சர்ட்டிபிகேட், எல்லாம் ஒரே கூழ். வேண்டாத நானூறு காகிதத்துக்கு நடுவில் வேண்டிய ஒரு காகிதத்தை வைத்திருந்ததால், தண்ணீர் ஏறும்போது என் மாமியாருக்கு எதை எடுத்து மேலே வைப்பது என்றே தெரியவில்லை. டூப்ளிகேட் வாங்க இன்டெம்னிட்டி பாண்டு, பேப்பரில் விளம்பரம், கமிட்டி கூட்டம் என்று பதினோரு மாதம் அலைந்தேன்.

இப்போது மூன்றே ஃபைல். வீடு, பணம், உடம்பு. 'வீடு' ஃபைலில் அக்ரிமென்ட், பத்திரப் பதிவின் சுருக்கமான இண்டெக்ஸ்-2, ஸ்டாம்ப் டியூட்டி ரசீது, ஷேர் சர்ட்டிபிகேட். இவை அசல், ஆயுள் முழுக்க. 'பணம்' ஃபைலில் வருமான வரிக் காகிதங்களை நான் எட்டு வருடம் வைத்துக்கொள்கிறேன். சட்டம் அவ்வளவு கேட்காமல் இருக்கலாம், தூக்கம் கேட்கிறது. 'உடம்பு' ஃபைலில் கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, மாமியாரின் ஈசிஜி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை. மின்சார பில் அடுத்தது வரும்வரை மட்டும். கடையில் கொடுக்கும் வழவழப்பான பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், வாரண்டிக்கு அதை நம்பாதீர்கள், வாங்கிய அன்றே படம் எடுங்கள். லைசென்ஸ், பான் போன்றவை 2015-லிருந்து இருக்கிற அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் கிடைக்கும், நாலு நாலு ஜெராக்ஸ் சேர்த்து வைக்கத் தேவையில்லை. மூன்று ஃபைலும் ஒரே ஜிப் பையில், பீரோவின் மேல் தட்டில். வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பை தெரியும்.

மாமியார் விஷயம். இதைத்தான் நீங்கள் ஒற்றை வரியில் தாண்டிவிட்டீர்கள், ஆனால் மீதி எல்லாவற்றையும்விட இது கஷ்டம்.

என் கதையைச் சொல்கிறேன். கல்யாணமான மூன்றாம் வருடம், லாஃப்டில் ஒரு பெரிய மூட்டை, நைந்த வெள்ளைத் துணி. மாமியார் ஊருக்குப் போயிருந்த சமயம். மும்பையில் உங்களுக்குத் தெரியும், தலையில் பாத்திரக் கூடையோடு பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற பெண்கள் வருவார்கள். மூட்டையைக் கொடுத்து ஒரு நீல பிளாஸ்டிக் டப் வாங்கினேன், பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட மாதிரி. அது மாமனாரின் பழைய வேட்டிகள். அவர் போன பிறகு மாமியார் அவற்றைக் கிழித்து, கொலு பொம்மை சுற்றுவதற்கென்று ஒவ்வொரு பொம்மைக்கும் அளவாக வைத்திருந்தார். திரும்பி வந்து பார்த்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொலு முடிந்ததும் பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றி ஏற்றினார். அடுத்த மழைக்காலத்து ஈரத்தில் மை ஊறி, மறு புரட்டாசியில் பெட்டியைத் திறந்தால் செட்டியார் பொம்மையின் வயிற்றில் மராத்தி எழுத்து, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறி. துடைத்தால் பெயின்டும் சேர்ந்து வந்தது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கொலுவுக்கு வருகிறவர்கள் 'செட்டியார் மும்பைக்கு வந்து மராத்தி கத்துக்கிட்டார் போலிருக்கே' என்று சிரிப்பார்கள். மாமியாரும் சேர்ந்து சிரிப்பார். நான் காபி எடுத்துவர உள்ளே போய்விடுவேன்.

அதிலிருந்து நான் கற்றது, அவர்கள் பொருளை அவர்கள் இல்லாதபோது தொடாதீர்கள். மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் கடை வரிசையில் நின்ற தலைமுறை அது. ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி வைத்தால் அடுத்த மாதம் ஒரு செலவு குறையும் என்று வாழ்ந்தவர்கள். 'குப்பை' என்ற சொல் அவர்கள் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். 'இதைத் தூக்கிப் போடலாமா?' என்று கேட்டால் பதில் எப்போதும் இல்லைதான். கேள்வியை மாற்றுங்கள். பரணில் இருக்கும் எவர்சில்வர், பித்தளை எல்லாவற்றையும் ஒரு மத்தியானம் கீழே இறக்கி, பெயர் வெட்டியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். யார் கல்யாணத்தில் யார் கொடுத்தது என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார், அதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கடைசியில் 'இதில் எந்த ஐந்தை நாம் தினம் புழங்கலாம், எதை யாருக்குக் கொடுக்கலாம்?' என்று கேளுங்கள். என் மாமியார் தன் அம்மா பெயர் வெட்டிய ஒரு செம்பைத் தனக்கு வைத்துக்கொண்டு, இரண்டு அண்டாவைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுக்கச் சொன்னார். நாற்பது பேருக்குச் சமைக்க வேண்டிய நாள் வந்தால் வாடகைப் பாத்திரம் கிடைக்கிற ஊர் இது, அவரே அதைச் சொன்னார். பேரன் பேத்திக்குக் கொடுக்கச் சம்மதிப்பார்கள், கோயிலுக்குச் சம்மதிப்பார்கள், எடைக்குப் போடச் சம்மதிக்க நாளாகும். அவசரப்பட வேண்டாம். ஒரு அலமாரி முழுக்க அவருடையது, அதில் நாம் கை வைப்பதில்லை என்று சொல்லிவிட்டால் மீதி வீட்டில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

வெளியே போகும் வழியில், அதாவது மறுகாலில், மும்பையை அடிக்க ஊர் கிடையாது. பழைய பேப்பர் வாங்குகிற ரத்திவாலாவுக்கு ஒரு நாள் குறித்துவிடுங்கள், மாத முதல் சனி என்று, அவரே மணி அடிப்பார். மழையில் நனைந்த பேப்பரை வாங்க மாட்டார், ஆகையால் மே மாதத்திலேயே பெரிய கழிப்பை முடித்துவிடுவது நல்லது. பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் அதற்கும் விலை உண்டு. இந்தப் பிளாஸ்டிக்கில் நிறையத் தாராவிக்குத்தான் போய்ச் சேரும். 13-ம் காம்பவுண்டு பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும், நிறம் வாரியாக, ரகம் வாரியாகப் பிரித்து, அரைத்து, கழுவி, மறுபடி சரக்காக்கி அனுப்புகிறார்கள். நாம் ஒரு டிராயரைப் பிரிக்கச் சோம்பல்படுகிறோம்.

பழைய போன், சார்ஜர், கீபோர்டு ஆகியவற்றைப் பழைய சாமான் வாங்குகிற பங்கார்வாலாவிடம் எடைக்குப் போடாதீர்கள். செம்புக்காக ஒயரைத் திறந்தவெளியில் எரிப்பார்கள், அந்தப் புகை யாரோ ஒரு குழந்தை மூக்குக்குப் போகும். 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி தயாரித்த கம்பெனிகளுக்கே இதில் பொறுப்பு உண்டு. அங்கீகாரம் பெற்ற சேகரிப்பு மையத்தைக் கேட்டுக் கொடுங்கள். உப்பிய பேட்டரி உள்ள போனை ஒரு நாள்கூட டிராயரில் வைக்க வேண்டாம், தீப்பிடிக்கலாம். காலாவதி மாத்திரை, டியூப்லைட், பெயின்ட் மிச்சம் போன்றவற்றை 2016 திடக்கழிவு விதிகளிலேயே அபாயக் கழிவு என்று தனியாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறது. ஈரக் குப்பையோடு கலக்காமல் தனிப் பையில் கொடுங்கள்.

நல்ல துணியை 1999-ல் டில்லியில் தொடங்கிய கூஞ்ச் மாதிரி அமைப்புக்குக் கொடுக்கலாம். பாத்திரக்காரப் பெண்ணிடமும் கொடுக்கலாம், அவர் பிழைப்பு அது, ஆனால் பாத்திரத்துக்குப் பதில் காசாக வாங்கிக்கொள்ளுங்கள். துணி வெளியே போய் ஒரு டப் உள்ளே வந்தால் கணக்கு நேர். எங்கள் நீல டப் இருபது வருடம் பாத்ரூமை அடைத்துக்கொண்டிருந்தது.

வேலைக்கு வருகிறவரிடம் தள்ளிவிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 'பாயிக்குக் கொடுத்துடலாம்' என்று உடைந்த மிக்ஸி, கை போன நாற்காலி, கறைபட்ட மெத்தை எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுகிறோம். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது. அவர் வீடு பத்துக்குப் பத்து. நம் குப்பையை அங்கே இடம் மாற்றினால் அதற்கு தானம் என்று பெயர் வைக்கக் கூடாது. வேண்டுமா என்று கேளுங்கள், வேலை செய்கிற பொருளாக இருந்தால் மட்டும்.

வராந்தாவில் செருப்பு ஸ்டாண்டு, பிள்ளையின் பழைய சைக்கிள், ஜன்னல் கிரில்லுக்குள் கோணிமூட்டை இவற்றையும் 'இடம்' என்று கணக்கில் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். தீப்பிடித்தால் எல்லோரும் ஓட வேண்டிய வழி அது.

இப்போது உங்கள் பெட்டி. வரத்துக் காகிதம் ஒரு மாதம், கழிப்பு இரண்டு மாதம், அதற்குப் பிறகும் கொலு சாமான், சூட்கேஸில் அடங்காத கம்பளி என்று இடமில்லாமல் நிற்பது எவ்வளவோ அதற்கு மட்டும் வாங்குங்கள். பெரும்பாலும் மூன்று போதும். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரி, ஒரே அளவில், மூடியோடு. பொம்மைப் பெட்டி என்றால் எந்தப் படி, எத்தனை பொம்மை என்று எழுதி ஒட்டி, படியைக் கலைப்பதற்கு முன் எடுத்த கொலுப் படத்தின் பிரதி ஒன்றை உள்ளே போடுங்கள். கட்டிலுக்கு அடியில் தள்ளப் போகிறீர்கள் என்றால் டேப் எடுத்துத் தரையிலிருந்து கட்டில் சட்டத்தின் அடிவரை அளந்து, எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 26 வருடம் ஸ்டோர்ஸ் பார்த்த நான் கண்ணளவில் வாங்கிய இரண்டு பெட்டி அரை அங்குலம் உயரம் அதிகம். பில் தொலைந்துவிட்டது, கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. இரண்டும் இப்போது லாஃப்டில் இருக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்றாக, காலியாக, தேதி எதுவும் இல்லாமல்.